பதினேழு பூனைக்குட்டிகள்

“நீங்க யாருக்குங்க பூனைக்குட்டி? அத மட்டும் சொல்லிட்டு அப்புறமா பல்லு விளக்குங்க.”

எதிர்வீட்டில் இந்தக் கேள்வி மூன்றாவது முறையாக எழுந்தபோது நான் அடுப்பை அணைத்துவிட்டேன். வதக்குகிற சத்தத்தில் பதில் காதில் விழாமல் போய்விட்டால் அப்புறம் யாரிடம் போய்க் கேட்பது? எங்கள் சமையலறைக்கும் அவர்கள் சமையலறைக்கும் நடுவே, ஓர் ஆள் பக்கவாட்டில் நுழைகிற அகலத்துக்கு, வெளிச்சத்துக்கென்று ஒரு சந்து விட்டிருக்கிறார்கள். வெளிச்சம் அதில் வந்ததே இல்லை. மற்றதெல்லாம் வரும்.

“எனக்கு எப்படித் தெரியும்? உங்க பட்டறையில செஞ்ச கண்ணாடி. உன் மெஷின் அடிச்ச சீட்டு,” என்றது கணவர் குரல், வாயில் நுரையோடு.

“என் புரோகிராம் பதினொரு வருஷமா ஒரு எழுத்து தப்பா அடிச்சதில்ல.”

“நானும்தான் பதினாலு வருஷமா ஒரு தப்பும் பண்ணதில்ல.”

“அத நீங்க சொல்லக் கூடாது.”

விஷயம் இதுதான். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். கடாமீசை, தொண்ணூறு கிலோ, மாடிப்படி ஏறினால் மூன்று வீட்டுக்குத் தெரியும். சமீபத்தில் கண் கொஞ்சம் மங்க, மனைவி வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிப் பட்டறையிலேயே உலோகச் சட்டம் வைத்த கண்ணாடி ஒன்று செய்யக் கொடுத்தார். செவ்வாய்க்கிழமை அது வீட்டுக்கு வந்தது. புதன்கிழமை காலை, துடைத்துக் கொடுப்போமே என்று அவள் ஆசையாக எடுத்தாள். காதில் மாட்டுகிற கம்பியின் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் பொறித்திருந்தது: ‘என் பூனைக்குட்டிக்கு’.

அவள் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. ‘ஏங்க’வுக்கு மேல் அந்த வீட்டில் செல்லம் எதுவும் புழங்கியதில்லை என்பதற்கு நானே சாட்சி. ஆக, அந்த மீசையைப் பூனைக்குட்டி என்று கொஞ்ச வேறொரு ஆள் இருந்தாக வேண்டும். அவரிடம் கார் பழக வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்கள் என்பதும் அந்த நேரம் பார்த்து எல்லோருக்கும் நினைவுக்கு வந்தது.

இதில் ஒரு சிக்கல். பட்டறையில் எந்தக் கண்ணாடிக்கு என்ன பவர், எந்தச் சட்டம், என்ன எழுத்துப் பொறிக்க வேண்டும் என்பதையெல்லாம் சீட்டாக அடித்துத் தருவது ஒரு கணினிப் புரோகிராம். அதை எழுதியவளே எதிர்வீட்டுக்காரிதான். கோபால் என்று ஒரு பழைய கணினி மொழியாம். வியாபாரக் காரியங்களுக்கென்றே உண்டாக்கியதாம். இது தெரியாமல் ஒரு காலத்தில், “கோபால் மட்டும் இல்லாட்டி எனக்கு வாழ்க்கையே இல்லக்கா” என்று அவள் சொன்னதை நான் இரண்டு மாடிக்குக் கொண்டுபோய்விட்டேன். பிறகு நானே ஏறி இறங்கித் திருத்தமும் சொன்னேன். மேல்மாடியில் இன்னும் முழுதாக நம்பவில்லை.

ஆகவே அந்தப் புதன்கிழமை காலை அவள் முன்னால் இருந்தவை இரண்டே இரண்டு. ஒன்று, புரோகிராம் தப்பு. இல்லாவிட்டால் புருஷன் தப்பு. வேறு பெண்ணாக இருந்தால் ஒரு நிமிஷமாவது யோசித்திருப்பாள். இவள் யோசிக்கவே இல்லை. அக்காவுக்குப் போன் போட்டாள். சனிக்கிழமை காலை அத்தானை வேனோடு அனுப்பச் சொன்னாள். துணிமணி, தையல் மெஷின், தன் பேரில் வாங்கிய அலமாரி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விடுவதாக முடிவு. அதற்குள் அவர் வாயைத் திறந்து பேரைச் சொன்னால் சண்டை போட்டுவிட்டு இருப்பாள். சொல்லாவிட்டால் சண்டை போடாமலே போய்விடுவாள். பாவம், அவரிடம் சொல்வதற்குப் பேர் எதுவும் இல்லை.

அந்த வீட்டில் மூன்றாவதாக ஓர் ஆள் உண்டு: அவருடைய தம்பி, அதாவது அவள் கொழுந்தன். கட்டடத்தில் அவனுக்கு ‘அவசரம்’ என்று பெயர். குளியலறைக்குள் போகும்போதே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வருகிறவன் மாதிரி இருப்பான். அவனும் அதே பட்டறையில்தான் வேலை, அண்ணிக்கு அடுத்த நாற்காலி. ஆறு வாரத்துக்கு முன்னால் பட்டறையில் புது மெஷின் வாங்கினார்கள். பழைய மெஷினிலிருந்து அண்ணியின் புரோகிராமைப் புதியதற்கு மாற்றி வைத்தவன் அவன்தான். சீட்டு முன்பைவிட வேகமாக வருகிறது என்று முதலாளி அவன் முதுகில் தட்டியதை வீட்டுக்கு வந்து நான்கு தடவை சொன்னான். ஐந்தாவது தடவை என்னிடம்.

சண்டை தொடங்கியதிலிருந்து அவன் தானாக வாயைத் திறக்கவில்லை. எனக்கு அது உறுத்தியது. அண்ணன் அவன் சட்டையைப் பிடிக்காத குறையாக, “நீயாவது சொல்லுடா, மெஷின்ல தப்பு வருமா வராதா?” என்று கேட்டார். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே, வரலாம், வராமலும் இருக்கலாம் என்கிற மாதிரி என்னவோ முனகினான். கண்ணாடி என்ற சொல் வந்தாலே அவனுக்குப் புரையேறியது. வேறொன்றும் எனக்குத் தெரியும். பட்டறையிலிருந்து நான்கு கடை தள்ளி ஒரு பல் மருத்துவர் இருக்கிறார். ஒரே மாதத்தில் இவன் அங்கே மூன்று தடவை பல்லைச் சுத்தம் செய்துகொண்டான். அத்தனை அழுக்கான பல் இல்லை. மருத்துவரிடம் உதவிக்கு இருக்கிற பெண்ணுக்குத்தான் நல்ல பல்வரிசை.

வியாழக்கிழமை முழுக்க எதிர்வீட்டில் பேச்சே இல்லை. இதைவிடச் சண்டையே தேவலை. அவர் டீயை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் வந்து உட்கார்ந்துவிட்டார். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் அவரைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. முதல் மாடிக்காரர் தாண்டும்போது ‘மியாவ்’ என்று சொன்னதாகக் கேள்வி. நான் நேரில் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சிரித்திருக்க மாட்டேன் என்றும் சொல்ல முடியாது.

நான் என் கடமையாக அவளிடம் போய்ப் புத்திமதி சொல்லிப் பார்த்தேன். புடவைகளை மடித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே கேட்டாள். பட்டறையில் எழுத்துப் பொறிக்கிற அம்மாவே தப்பாக ஆள் மாற்றிப் பொறித்திருக்கலாமே என்றேன். பொறிக்கிற அம்மா சீட்டில் இருப்பதைத்தான் பொறிப்பாராம். அவர் சீட்டையும் பார்த்துவிட்டாளாம். அச்சாகத் தெளிவாக இருக்கிறதாம். யாரோ வேண்டுமென்றே அந்த வரியைக் கொடுத்தால்தான் சீட்டில் வரும், காலியாக விட்டால் காலியாகத்தான் வரும், அவள் எழுதிய புரோகிராம் அப்படி.

“காலியா விட்ட இடத்துல தானா எழுத்து முளைக்காதுக்கா,” என்றாள். சொல்லிக்கொண்டே, மடித்த புடவையையே பிரித்து மறுபடி மடித்தாள். அப்போதுதான், இது வீம்பு மட்டும் இல்லை, இவள் நிஜமாகவே போகப்போகிறாள் என்று எனக்கு உறைத்தது. பெட்டியின் அடியில் கல்யாணப் படத்தைத் துணி சுற்றி வைத்திருந்தாள். கோபத்தில் போகிறவள் படத்தை எடுத்துக்கொண்டா போவாள்?

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு என் பூந்தொட்டிகள் உடைந்தன.

கட்டட வாசலில்தான் அவர் பயிற்சிக் கார் நிற்கும். ஒருவர் பழகிவிட்டு இறங்க, அடுத்தவர் ஏறுவார். அன்று ஏறியது வங்கியில் வேலை பார்க்கும் பெண். உட்கார்ந்தாள், பெல்ட்டைப் போட்டாள், சாவியைத் திருப்பினாள். கார் தவளை மாதிரி ஒரு குதி குதித்து, சுவரோரம் நான் வரிசையாக வைத்திருந்த நான்கு தொட்டிகளில் மூன்றின் மேல் போய் நின்றது. நான் பால்கனியிலிருந்து அலறினேன். பெட்டி கட்ட லீவு போட்டிருந்த எதிர்வீட்டுக்காரியும் கையில் மடித்த புடவையோடு பால்கனிக்கு வந்துவிட்டாள்.

அவர் காரிலிருந்து இறங்கி முதலில் தொட்டியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு பாதுகாப்பாக அந்தப் பெண்ணிடம் திரும்பிவிட்டார். இரண்டு நாளாக வீட்டில் பேச முடியாததையெல்லாம் சேர்த்து அவளிடம் பேசினார் என்று நினைக்கிறேன்.

“முன்னாடி ஓட்டினவங்க கியர்லயே விட்டுட்டு இறங்கிட்டாங்கம்மா. நீங்க ஏறும்போது வண்டி நியூட்ரல்லதான் இருக்கும்னு உங்களுக்கு யார் சொன்னா? யார் எதை எப்படி விட்டுட்டுப் போனாங்களோ, அப்படியேதான் இருக்கும். அது என்ன தானா சரியாகிக்குமா? ஒவ்வொருத்தரும் ஏறினதும் முதல்ல நியூட்ரல். அப்புறம்தான் சாவி.”

“தினமும் நான்தானே சார் முதல் ஆளு,” என்றாள் அந்தப் பெண் அழுகிற குரலில். “எப்பவும் சரியாத்தான் இருக்கும். இன்னிக்குத்தான் ரெண்டாவதா வந்தேன்.”

எதிர்வீட்டுப் பால்கனியில் புடவை கீழே விழுந்தது. திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். மறு நிமிஷம் படியில் தடதடவென்று சத்தம். வீட்டுச் செருப்போடு, தலையைக்கூட வாராமல், அவள் வாசலைத் தாண்டி ஓடினாள். கணவர் தன்னை அடிக்கத்தான் வருகிறாள் என்று நினைத்து இரண்டடி பின்வாங்கினார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை. “முதல் ஆளு, முதல் ஆளு” என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே தெருவைக் கடந்தாள்.

என் கண்ணாடியில் மூக்கு வைக்கும் மெத்தை ஒன்று கழன்று நான்கு மாதமாக அப்படியே இருந்தது. அதை மாற்ற வேறு நாள் கிடைக்காது என்று எனக்கு அப்போது தோன்றியது.

நான் மூச்சு வாங்கப் பட்டறைக்குள் நுழைந்தபோது அவள் சுவரோரம் மண்டியிட்டிருந்தாள். வேலை முடிந்த சீட்டுகளை நாள் வாரியாகக் கம்பியில் குத்தி வைப்பது அங்கே வழக்கம்; ஒரு நாளுக்கு ஒரு கம்பி. போன வாரத்து வியாழக்கிழமைக் கம்பியை உருவி, சீட்டுகளை அடித்த வரிசையிலேயே மேஜையில் பரப்பினாள். அன்றுதான் அவள் கணவர் கண்ணாடிக்கு ஆர்டர் கொடுத்திருந்தார். மொத்தம் இருபது சீட்டு. ஒவ்வொன்றின் அடியிலும் ‘பொறிக்க வேண்டியது’ என்று ஒரு வரி.

முதல் மூன்று சீட்டில் அந்த வரி காலி. நாலாவதில் ‘என் பூனைக்குட்டிக்கு’. ஐந்தாவதில் ‘என் பூனைக்குட்டிக்கு’. ஆறாவது பள்ளித் தலைமையாசிரியருடையது, அவரும் பூனைக்குட்டி. ஒன்பதாவது பல் மருத்துவர். பதினொன்று, ஓய்வுபெற்ற நீதிபதி. பதினைந்தாவது எதிர்வீட்டுக்காரர். கடைசிச் சீட்டு வரைக்கும் ஒருவர் பாக்கியில்லை. நான் வாய்விட்டு எண்ணினேன். பதினேழு பூனைக்குட்டி.

பொறிக்கிற அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டோம். அவர் காதிலிருந்து பஞ்சை எடுத்துவிட்டு, பிளாஸ்டிக் சட்டத்தில் பொறிக்க முடியாது, அதனால் அந்தச் சீட்டுகளில் அந்த வரியைத் தான் பார்ப்பதே இல்லை என்றார். அன்றைக்கு உலோகச் சட்டம் நாலாவதும் பதினைந்தாவதும் மட்டும்தான். இரண்டிலும் எழுதியிருந்தது, இரண்டிலும் பொறித்தார். கார் பழக்குகிறவரைப் பூனைக்குட்டி என்றால் சந்தேகம் வராதா என்று நான் கேட்டேன்.

“எனக்கு என்னம்மா வந்துச்சு? அவங்கவங்க வீட்டுல எப்படி எப்படியோ கூப்பிடுவாங்க,” என்று பஞ்சை மறுபடி வைத்துக்கொண்டார்.

எதிர்வீட்டுக்காரி எழுந்து அலமாரிக் கதவைத் திறந்தாள். கதவின் உள்பக்கம் பழுத்துப்போன ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. அதில் பன்னிரண்டு வரி. பிறகு கொழுந்தனிடம், “தம்பி, புது மெஷின்ல கம்பைல் பண்ற லிஸ்டைத் திற,” என்றாள். அவன் திறந்தான். அதில் பதினொரு வரி.

எனக்கு விளங்கும்படி அவளே பிற்பாடு சொன்னாள். நாம் எழுதுகிற புரோகிராமை மெஷினுக்குப் புரிகிற பாஷைக்கு மாற்றுகிற ஆள் ஒன்று உண்டு, அதன் பேர் கம்பைலர். வேலையைத் தொடங்குமுன் அதனிடம் இப்படிச் செய், அப்படிச் செய் என்று சில ஆப்ஷன்கள் சொல்லலாம். அவள் பட்டியலில் ஏழாவது வரி அப்படி ஒரு ஆப்ஷன்: புரோகிராம் எழுந்திருக்கிற ஒவ்வொரு தடவையும், அதற்கு ஒதுக்கிய இடத்தைத் துடைத்து, எண் வர வேண்டிய கட்டத்தில் பூஜ்யமும் எழுத்து வர வேண்டிய கட்டத்தில் வெற்றிடமும் நிரப்பி வை என்று. ஒவ்வொரு சீட்டுக்கும் புரோகிராம் ஒரு தடவை எழுந்து படுக்கும். துடைக்கவில்லை என்றால், போன சீட்டு எதை விட்டுப் போனதோ அது அப்படியே கிடக்கும். பவர் எல்லாம் கட்டாயம் நிரப்புகிற கட்டம், அதனால் அதில் புதுசு வந்து உட்கார்ந்துவிடும். பொறிக்கிற வரியைத்தான் எல்லோரும் காலியாக விடுவார்கள். அங்கே பழைய ஆள் போகாமல் உட்கார்ந்திருப்பான். மாலையில் மெஷினை அணைத்தால் எல்லாம் போய்விடும். மறுநாள் காலை மறுபடி சுத்தம்.

“ஏழாவது வரி எங்க?” என்றாள்.

அவன் தலையைச் சொறிந்தான். ஒவ்வொரு சீட்டுக்கும் அத்தனை இடத்தையும் துடைப்பதில் நேரம் போகிறது என்று எடுத்துவிட்டானாம். சீட்டு வேகமாக வந்ததன் ரகசியம் அதுதான். முதலாளி முதுகில் தட்டியது அதற்குத்தான்.

“டெஸ்ட் பண்ணேன் அண்ணி. ஒரு மாசம் தினமும் காலையில வந்ததும் ஒரு சீட்டு அடிச்சுப் பார்த்தேன். ஒரு தடவகூடத் தப்பு வரல.”

“காலையில முதல் சீட்டு சரியாத்தான்டா வரும். ரெண்டாவது சீட்டு அடிச்சுப் பார்த்தியா?”

அவசரத்துக்கு இரண்டாவது சீட்டு அடிக்க எங்கே நேரம்?

அவள் இன்னும் நாலு வார்த்தை திட்டுவாள் என்று எதிர்பார்த்து நான் வசதியாக நின்றுகொண்டேன். திட்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து தன் புரோகிராமைத் திரையில் மேலிருந்து கீழே ஓடவிட்டாள். என்னிடமா மெஷினிடமா என்று தெரியாத குரலில் சொன்னாள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆரம்பத்தில் இதுதான் இருக்க வேண்டும் என்று புரோகிராமுக்குள்ளேயே எழுதியிருக்கலாம். எழுதுவதுதான் முறையும்கூட. முந்நூறு கட்டம், யார் உட்கார்ந்து எழுதுவது, அந்த ஏழாவது வரி பார்த்துக்கொள்ளும் என்று பதினொரு வருஷத்துக்கு முன்னால் விட்டுவிட்டாள். அந்த வரி எதற்கு என்று காகிதத்திலும் குறிக்கவில்லை. கொழுந்தன் எடுத்தது ஒரு வரி. அவள் எழுதாமல் விட்டது முந்நூறு.

“புரோகிராம் தப்புதான்க்கா,” என்றாள்.

ஒரு பல்லைப் பிடுங்கியிருந்தால்கூட, அந்த வார்த்தையைச் சொன்ன அளவுக்கு அவளுக்கு வலித்திருக்காது.

அப்புறம்தான் எனக்குத் தோன்றியதை அவளும் நினைத்தாள். பதினாறு பேருக்கு அது மிச்சம் மீதி. நாலாவது சீட்டில் யாரோ அதை மெனக்கெட்டு அடித்திருக்கிறார்கள். சீட்டை எடுத்தாள். வாடிக்கையாளர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘பட்டறை ஆள்’ என்று மட்டும் இருந்தது. ஓரத்தில் அடித்தவர் எண்: ஆறு.

“ஆறு யாரு தம்பி?”

“அண்ணி...”

“நீதானே?”

அவன் காது இரண்டும் சிவந்ததை நான் இன்னும் மறக்கவில்லை. தன் மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்து வைத்தான். உள்ளே பெண்கள் போடுகிற மெல்லிய கண்ணாடி. பல் மருத்துவரின் உதவிப் பெண்ணுக்குத்தான். அவளுக்குத் தெரியாமல் மருத்துவரிடமே கேட்டு அவளுடைய பவரை வாங்கியிருக்கிறான். கொடுக்கத் தைரியம் இல்லாமல் அது நான்கு நாளாக இழுப்பறையில் கிடந்தது. அண்ணன் கண்ணாடியிலும் அதே வார்த்தை என்று தெரிந்ததும், பொறிக்கிற அம்மாதான் தவறுதலாக இரண்டு தடவை பொறித்துவிட்டார் என்று நினைத்தானாம். சொன்னால் தன் விஷயம் வெளியே வந்துவிடும், சண்டை தானாக ஆறிவிடும் என்று இருந்துவிட்டானாம்.

“உங்க அண்ணன் ரெண்டு நாளா மாடிப்படியில உக்காந்து டீ குடிக்கிறாரு. நான் பெட்டி கட்டறேன். நீ பூனைக்குட்டிய இழுப்பறையில வச்சுக்கிட்டு, என் கையால போட்டதைக் கூசாம தின்னுட்டு எழுந்து போற. எந்திரி. இப்பவே போய்க் கொடுத்துட்டு வா.”

“இப்பவேவா அண்ணி?”

“எல்லாத்துலயும் அவசரப்படுவியே. இதுலயும் படேன்.”

அவன் போனான். நான் பின்னால் போனேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பட்டறையை விட்டு இறங்கியதும் எனக்குக் கடைவாய்ப் பல்லில் சுருக்கென்று ஒரு வலி, அதற்குப் பக்கத்தில் வேறு மருத்துவர் இல்லை. அந்தப் பெண் பெட்டியைத் திறந்தாள், கம்பியைத் திருப்பிப் படித்தாள், கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“இத மொதல்லயே குடுத்திருக்கலாம்ல? மூணு தடவ பல்லைச் சுரண்டியாச்சு. இன்னொரு தடவ வந்தா எனாமலே இருக்காதுன்னு டாக்டர் கவலைப்பட்டுட்டு இருக்காரு.”

என் பல்வலி அதோடு போய்விட்டது.

அன்று மாலை நான் அடுப்பே பற்றவைக்கவில்லை. சந்துப் பக்கம் உட்கார்ந்து கொத்தவரங்காயை, தேவைக்கு மேல் பொடியாக, நறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் வந்த சத்தம் கேட்டது. அவள் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. மேடையில் ஏதோ காகிதங்களைப் பரப்புகிற சத்தம்.

“எண்ணிப் பாருங்க.”

அவர் எண்ணினார். நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தி, “தலைமையாசிரியருமா?” என்றார்.

“அவரும்தான். நீதிபதியும்தான்.”

நான் கத்தியைக் கீழே வைத்தேன்.

“அப்ப உன் புரோகிராம்...” என்று அவர் இழுத்தார். மனிதர் நல்லவர், முடிக்கவில்லை.

“தப்பு. பதினொரு வருஷத்துல முதல் தடவ.”

“பதினாலு வருஷத்துல நான் இன்னும் ஒண்ணும் பண்ணலையே.”

“அதான் இப்ப தெரிஞ்சுபோச்சே. சும்மா அதையே பெரிசா சொல்லிக்கிட்டு.”

அப்புறம் அவள் சிரித்தாள். புதன்கிழமையிலிருந்து அடக்கி வைத்திருந்தது போலிருக்கிறது, நிற்கவே இல்லை. “மீசைய வச்சுக்கிட்டு, பூனைக்குட்டியாம்,” என்று நடுநடுவே வந்தது. அவரும் சிரித்தார். நான் அடுப்பைப் பற்றவைத்தேன். அதற்குமேல் கேட்பது நாகரிகம் இல்லை. தவிர, அவர்கள் ஜன்னலைச் சாத்திவிட்டார்கள்.

சனிக்கிழமை காலை சொன்னபடி அத்தான் வேனோடு வந்துவிட்டார். வரவேண்டாம் என்று சொல்ல யாருக்கும் நினைவில்லை. இத்தனை தூரம் வந்துவிட்டுக் காலி வேனோடு திரும்புவதா என்று அவர் முறைக்க, பட்டறையில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்த பழைய மெஷினை ஏற்றி அனுப்பினார்கள். அவர் வீட்டில் இப்போது அதன் மேல்தான் மீன் தொட்டி இருக்கிறதாம். உடைந்த மூன்று பூந்தொட்டிக்குப் பதில் ஆறு தொட்டி எனக்கு வந்தது. நான் கேட்டது நான்கு.

அவள் அடுத்த வாரம் முழுக்க உட்கார்ந்து முந்நூறு கட்டத்துக்கும் ஆரம்ப மதிப்பு எழுதினாள். ஏழாவது வரியையும் திரும்பச் சேர்த்தாள். இனிமேல்தான் அது தேவையில்லையே என்று நான் என் புது அறிவைக் காட்டியதற்கு, கியரைப் பார்த்துவிட்டுக் கிளட்சையும் மிதிப்பதில்லையா என்று கேட்டாள். இதை யாரிடம் கற்றாள் என்று சொல்லத் தேவையில்லை. அந்தக் காகிதத்தில் ஏழாவது வரிக்குப் பக்கத்தில் இப்போது சிவப்பு மையில் எழுதியிருக்கிறது: ‘இதை எடுத்தால் பூனைக்குட்டி வரும்’. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் இதைப் பார்த்து விழிக்கிறார்கள். ஆனால் யாரும் எடுப்பதில்லை.

அவசரத்துக்கும் பல் மருத்துவரின் உதவிப் பெண்ணுக்கும் நாலே மாதத்தில் பதிவுத் திருமணம். கையெழுத்துப் போடும் இடத்தில் அவன் தேதி போட மறந்து, இரண்டாவது தடவை வரிசையில் நின்றான். இரண்டு பேரும் ரயிலில் மூன்று மணி நேரத் தூரத்தில் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள்; அங்கே அவனுக்கு இதே மாதிரி வேலை, எதையும் இரண்டு தடவை அடித்துப் பார்க்கிறானாம். பொறிக்கிற அம்மா காதுப் பஞ்சோடு மகள் வீட்டுக்குக் குடிபோனார். அண்ணனும் அண்ணியும் எதிர்வீட்டிலேயே இருக்கிறார்கள். கண்ணாடியில் பொறித்ததை அழித்துத் தருவதாகப் பட்டறையில் சொன்னார்கள், அவர் கொடுக்கவில்லை. கொழுந்தன் காலி செய்த அறையைத் தையற்காரத் தம்பதிக்கு உள்வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். சந்துப் பக்க ஜன்னல் அந்த அறையிலும் ஒன்று உண்டு. தம்பதி நல்லவர்கள்தான், ஆனால் நாள் முழுக்க மெஷினை ஓட்டிக்கொண்டே பேசுகிறார்கள், ஒரு வார்த்தை பிடிபடுவதில்லை.